30 டெஸ்க்டாப்பில் தொடங்கி 100 வரை: சேமிப்புக் கிளஸ்டரை எப்படித் திட்டமிடுவது?

கானாடுகாத்தானில் ஐயா கட்டிய வீட்டிலேயே கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போது 30 பேர் வேலை பார்க்கிறார்கள், இரண்டு ஆண்டில் 100 ஆகலாம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு, எல்லாருடைய விண்டோஸும் சர்வரிலேயே ஓடி மேசையில் திரை மட்டும் தெரிகிற மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கு மாற உத்தேசம். டாலி, எக்ஸெல், பிரவுசர், ஜிஎஸ்டி, வருமான வரி, இவ்வளவுதான் வேலை. அவர் கையில் இருக்கும் விலைப்புள்ளி இரண்டு சர்வருக்கு. ஒவ்வொன்றிலும் 4 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு பிழைக்கும்படி நான்கையும் சேர்த்துக் கட்டுவது), கேஷுக்கு, அதாவது அடிக்கடி தொடும் தரவைத் தற்காலிகமாக வைக்க, ஒரு சாதாரண எஸ்எஸ்டி. இருக்கிற ஒரு ஜிகாபிட் ஸ்விட்சே போதும் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். "மொத்தம் 24 டிபி கிடைக்குதே, இது பத்தாதா?" என்பது கேள்வி.

பத்தாது தம்பி. டிபி என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். உங்களுக்கு 24 டிபி தேவையே இல்லை. அதில் கால்வாசி இருந்தால் தாராளம். கணக்குப் போட வேண்டியது இரண்டு நேரத்துக்கு. ஒன்று, திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி: 30 பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக லாகின் செய்கிற நேரம். இன்னொன்று, ஒரு சர்வர் செத்துக் கிடக்கிற நாள். இந்த இரண்டையும் தாங்கினால் மற்ற நாளெல்லாம் தானாக ஓடும்.

முதலில் காலை ஒன்பதரை. அலுவலக வேலை பார்க்கும் ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப் சும்மா ஓடும்போது நொடிக்கு 10 முதல் 30 தடவை டிஸ்கைத் தொடும். இதைத்தான் ஐஆப்ஸ் என்கிறோம். சராசரியாக 20 என்று வையுங்கள். இதில் பெரும்பங்கு எழுத்து வேலை, முக்கால்வாசிக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளலாம். படிப்பதில் பாதியை விண்டோஸ் தன் ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. எழுதுவது டிஸ்குக்குப் போயே ஆக வேண்டும். உங்கள் விலைப்புள்ளியின்படி ஒரு சர்வரில் 15 டெஸ்க்டாப். 300 ஐஆப்ஸ், அதில் 240 எழுத்து, 60 வாசிப்பு. ரெய்டு 5-இல் சின்னதாக ஒன்று எழுத நாலு வேலை நடக்கும்: பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியை (டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கணக்கை) படி, புதியதை எழுது, புதிய பேரிட்டியை எழுது. ஆக 240 என்பது 960 ஆகும், 60-ஐச் சேர்த்தால் 1,020. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் அங்கும் இங்குமாக எழுதும்போது நொடிக்குச் சுமார் 80 தருகிறது. நாலுக்கும் சேர்த்து 320. தேவை 1,020, இருப்பது 320. இது வெறும் சும்மா ஓடும் நேரத்துக் கணக்கு. லாகின் நேரத்தில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஏறும். கேஷுக்கு வைத்த எஸ்எஸ்டி கொஞ்ச நேரம் மானத்தைக் காப்பாற்றும், நிரம்பியதும் கைவிடும்.

கிளஸ்டருக்கு, அதாவது பல சர்வரின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக ஓட்டுவதற்கு, போகும் முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முப்பதோடு நின்றுவிடும் என்றால் கிளஸ்டரே வேண்டாம். நல்ல எஸ்எஸ்டி போட்ட இரண்டு சர்வர், உள்ளேயே இசட்எஃப்எஸ் மிர்ரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்கில் வைப்பது), மெய்நிகர் டெஸ்க்டாப்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகல் போகும்படி ஏற்பாடு, ஒரு சர்வர் போனாலும் பெரும்பான்மை மிஞ்சும்படி மூன்றாவது ஓட்டுக்கு ஒரு ஓரத்தில் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று. அவ்வளவுதான். ஒரு சர்வர் போனால் கடைசி 15 நிமிட வேலை போகலாம். அந்த இடைவெளியைக் குறைக்கவும் முடியும். வேகத்தில் இதுதான் முதல். பக்கத்திலேயே இருக்கும் எஸ்எஸ்டியை நெட்வொர்க் தாண்டி இருக்கும் எந்தச் சேமிப்பும் ஒற்றை ஆளுக்கு ஜெயிக்க முடியாது. அதேபோல, உங்கள் ஆட்களில் பாதிப் பேர் டாலியைத் தவிர எதையும் திறப்பதில்லை என்றால் அவர்களுக்குத் தனி டெஸ்க்டாப் எதற்கு? ஒரே விண்டோஸ் சர்வரில் பல பேர் உள்ளே வந்து வேலை பார்க்கும் முறை இருக்கிறது. ரேமும் மிச்சம், டிஸ்கும் மிச்சம். ஆனால் நீங்கள் 100 என்று எழுதியிருக்கிறீர்கள், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தரவு தனியாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கிளஸ்டர் என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நான் சொல்வது ப்ராக்ஸ்மாக்ஸும் அதற்குள் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளும். ப்ராக்ஸ்மாக்ஸ் செய்யும் இதே வேலையைச் செய்யும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கிய பிறகு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமம் போய் எல்லாம் சந்தா ஆகிவிட்டது. சின்ன அலுவலகத்துக்கு அது கட்டுப்படியாகாது. மைக்ரோசாஃப்டின் சொந்தச் சேமிப்புக் கிளஸ்டருக்கு விண்டோஸ் சர்வரின் டேட்டாசென்டர் பதிப்பு வேண்டும், அதுவும் சின்ன விலையில்லை. செஃப், சேஜ் வைல் என்பவர் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது பிறந்தது. கட்டுரையாக 2006-இல் வெளிவந்தது. எந்தத் தரவு எந்த டிஸ்கில் இருக்கிறது என்று ஒரு பெரிய பட்டியல் வைத்துக்கொண்டு தேடாமல், கணக்குப் போட்டே இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் சூட்சுமம். அதனால்தான் இன்று மூன்று சர்வர், நாளை நான்கு, அப்புறம் ஐந்து என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க முடிகிறது. சேர்த்ததும் அதற்குரிய பங்குத் தரவு மட்டும் அங்கே நகரும், மற்றது இருந்த இடத்தில் இருக்கும்.

சரி, என்ன வாங்குவது? ஒரே மாதிரியான மூன்று சர்வர். ஒவ்வொன்றிலும் டிஸ்க் செருகப் பத்து இடமாவது இருக்க வேண்டும், அதில் நான்கை மட்டும் நிரப்புங்கள். நான்கும் 1.92 டிபி எஸ்எஸ்டி. 16 கோர் சிபியு ஒன்று. ரேம் 256 ஜிபி. 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு.

256 ஜிபி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பட்ஜெட்டில் எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். டாலியும் எக்ஸெலும் இருபது டேபும் திறந்து வைத்திருக்கும் ஆளுக்கு 8 ஜிபி கொடுங்கள். 30 பேருக்கு 240. இதை மூன்றால் வகுக்காதீர்கள், இரண்டால் வகுங்கள். ஒரு சர்வர் செத்த நாளில் மீதி இரண்டுதான் சுமக்கப் போகின்றன. ஆக ஒன்றுக்கு 120. செஃப் ஒவ்வொரு டிஸ்குக்கும் வழக்கமாக 4 ஜிபி எடுத்துக்கொள்ளும், நான்கு டிஸ்குக்கு 16. மற்ற சில்லறை வேலைகளுக்கு ஒரு 12. மொத்தம் 148. அப்படியென்றால் 192 போதுமே என்பீர்கள். இன்றைக்குப் போதும். ஆனால் இதே கணக்கை 60 பேருக்கு நான்கு சர்வரில் போடுங்கள்: 480-ஐ மூன்றால் வகுத்தால் 160, கூட 28, ஆக 188. 100 பேருக்கு ஐந்து சர்வர்: 800-ஐ நான்கால் வகுத்தால் 200, கூட 28, ஆக 228. எல்லாம் 256-க்குள் அடங்குகிறது. இன்று வாங்கும் பெட்டியே நாளைக்கும் பொருந்தும், அதே மாதிரி இரண்டு பெட்டியைச் சேர்த்தால் 100 பேர். ஆளுக்கு இரண்டு விகிதம் 200 மெய்நிகர் சிபியு, நான்கு சர்வரில் 50. 16 கோருக்கு 50 என்பது கோர் ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். அலுவலக வேலைக்கு இது சுகமான அளவு.

இடக் கணக்குக்கு வருவோம். மூன்று சர்வர், நான்கு டிஸ்க், 1.92 டிபி: மொத்தம் 23.04. எல்லாவற்றையும் மூன்று படி (நகல்) வைப்போம், ஆக கையில் 7.68 டிபி. அதையும் முழுதாக நிரப்பக் கூடாது. 85 விழுக்காட்டில் செஃப் முனக ஆரம்பிக்கும், 95-இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆனால் சின்னக் கிளஸ்டரில் உண்மையான வரம்பு அதைவிடக் கீழே இருக்கிறது, இது பல பேருக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. மூன்று சர்வர், மூன்று படி என்றால் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு முழுப் படி இருந்தாக வேண்டும். ஒரு சர்வரில் ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்த சுமை அடுத்த வீட்டுக்குப் போக முடியாது, அதே சர்வரில் மீதமுள்ள மூன்று டிஸ்குகளின் தலையில்தான் விழும். நான்கும் 60 விழுக்காடு நிரம்பியிருந்தால் மூன்றும் 80-க்கு ஏறும், தப்பித்தோம். 70 நிரம்பியிருந்தால் 93-க்கு மேல் போகும். அதற்கு முன்பே 90-இல் செஃப் மறுசீரமைப்பை, அதாவது இழந்த படியைத் திரும்பக் கட்டுவதை, நிறுத்திக்கொள்ளும். அதனால் 60 விழுக்காடுதான் உங்கள் கோடு: 4.6 டிபி. அதே கொள்ளளவுக்கு 3.84 டிபி டிஸ்க் இரண்டு போடலாமே, விலை குறையுமே என்று ஒருவர் வருவார். இரண்டில் ஒன்று போனால் மற்றது இரண்டு மடங்கைச் சுமக்க வேண்டும். அப்போது உங்கள் கோடு 40-க்கு இறங்கிவிடும். நான்கு சின்ன டிஸ்க் இரண்டு பெரிய டிஸ்கைவிட நல்லது என்பதற்கு இது ஒன்றே போதும்.

4.6 டிபி உங்களுக்குக் காணுமா? ஆளுக்கு 60 ஜிபி முழு டிஸ்கே கொடுத்தாலும் 30 பேருக்கு 1.8. ஒரு மூல டெஸ்க்டாப்பைத் தயார் செய்து அதிலிருந்து கிளை பிரித்தால் ஆளுக்கு 20, 25 ஜிபிதான் தனியாக வளரும். வாடிக்கையாளர் கோப்புகளுக்கு ஒரு டிபி. கிளை பிரிக்கும் கணக்கில் பாதிகூட ஆகாது.

இனி எஸ்எஸ்டி. இதில்தான் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு இதே மாதிரி மூன்று சர்வர் போட்டேன். பட்ஜெட் இடித்ததால் லேப்டாப்புக்குப் போடும் எஸ்எஸ்டிகளையே வாங்கிச் செருகினேன். பெட்டியின் மேல் நொடிக்கு அரை மில்லியன் ஐஆப்ஸ் என்று போட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் போன். போய்ப் பார்த்தால், ஒரு அம்மா டாலியில் வவுச்சர் போட்டு என்டரைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தட்டிட்டு ஒரு வாய் காபி குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிருக்கும் தம்பி" என்றார். செஃபில் ஒவ்வொரு டிஸ்கும் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தேன். ஒரு மில்லிநொடி இருக்க வேண்டிய இடத்தில் 80, 140, 210 என்று ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். செஃப் எதை எழுதினாலும் "நிஜமாகவே எழுதிவிட்டாயா, மின்சாரம் போனாலும் இருக்குமா?" என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்த பிறகே அடுத்ததற்குப் போகும். சர்வருக்கென்றே செய்த எஸ்எஸ்டிகளில் உள்ளே கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். மின்சாரம் போனாலும் தன் ரேமில் இருப்பதைச் சிப்பில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் சார்ஜ் இருக்கிறது. அதனால் தரவு ரேமுக்கு வந்தவுடனேயே தைரியமாக ஆமாம் சொல்லிவிடும். லேப்டாப் எஸ்எஸ்டியில் அது இல்லை. ஒவ்வொரு தடவையும் சிப் வரை போய் எழுதிவிட்டு வந்துதான் பதில் சொல்லும். அரை மில்லியன் என்று பெட்டியில் போட்டிருந்தது அங்கே சில நூறாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் பன்னிரண்டு எஸ்எஸ்டியையும் கழற்றி என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். பழையவற்றை இன்னும் லேப்டாப்களில் போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மின்தடைப் பாதுகாப்புக் கெபாசிட்டர் இருக்கிறதா? ஐந்து ஆண்டு உத்தரவாதத்துக்குள் தினமும் ஒரு முழு டிஸ்க் அளவு எழுதினாலும் தாங்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சாட்டா வகையா அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்பது அடுத்த பிரச்சினை, முடிந்தால் என்விஎம்இ.

செஃபிடம் எதிர்பார்க்கக் கூடாததும் ஒன்று உண்டு. ஒருவர் டிஸ்கில் எதையாவது எழுதினால் அது முதல் சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் போய், மூன்றும் முடிந்தது என்ற பிறகுதான் அவருக்குப் பதில் வரும். நல்ல சாமானிலும் இதற்கு ஒரு மில்லிநொடி சுமாருக்கு ஆகும். சொந்த எஸ்எஸ்டியில் அதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஒரே ஆள் ஒரு பெரிய டாலி டேட்டாவை மறுபதிவு செய்தால் பழைய கம்ப்யூட்டரைவிட மெதுவாகத்தான் தெரியும். 30 பேர் சேர்ந்து வேலை பார்க்கும்போதுதான் செஃபின் பலம் தெரியும். இதை உங்கள் ஆட்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

நெட்வொர்க்கில் அந்த ஒரு ஜிகாபிட் ஸ்விட்சை டெஸ்க்டாப் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்புப் பக்கம் அது வேண்டாம். ஒரு சர்வரில் 4.6 டிபி இருக்கிறது. அந்த சர்வர் முழுதாகப் போய் புதிதாக நிரப்ப வேண்டுமென்றால் ஒரு ஜிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வீதம் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வேறு யாரும் அந்தக் கம்பியைத் தொடாமல் இருந்தால். 10 ஜிகாபிட்டில் கம்பி ஒரு தடையே இல்லை. மூன்று சர்வரையும் ஸ்விட்சே இல்லாமல் ஒன்றுக்கொன்று நேராகக் கேபிள் போட்டு முக்கோணமாக இணைக்கலாம், நன்றாகவே ஓடும், ஸ்விட்ச் காசு மிச்சம். மூன்றோடு நிற்பவர்களுக்கு நானே அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். உங்களுக்கு வேண்டாம். நான்காவது சர்வர் வந்தால் அந்த முக்கோணத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். 16 போர்ட் உள்ள 10 ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று இப்போதே வாங்குங்கள், இரண்டாவதை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம். சர்வர்கள் ஒன்றுக்கொன்று "உயிரோடு இருக்கிறாயா" என்று விசாரித்துக்கொள்ளும் பேச்சு மட்டும் தனி ஒரு ஜிகாபிட் கம்பியில் போகட்டும். மறுசீரமைப்பு நடக்கும்போது அந்தப் பேச்சு நெரிசலில் மாட்டினால், நன்றாக இருக்கும் சர்வரைச் செத்துவிட்டது என்று நினைத்து மற்றவை அதை வெளியே தள்ளிவிடும்.

மூன்று படி எதற்கு, இரண்டு போதாதா? போதாது. பராமரிப்புக்காக ஒரு சர்வரை நிறுத்துகிறீர்கள். இரண்டு படி என்றால் மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த நேரம் பார்த்து ஒரு டிஸ்க் போனால் தரவு போனதுதான். மூன்று படி வைத்து, குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் எழுத விடுவேன் என்ற வழக்கமான அமைப்பைத் தொடாதீர்கள். ஏதோ ஒரு நாள் இரண்டு வெவ்வேறு சர்வரில் ஒரே நேரத்தில் டிஸ்க் போய் வேலை உறைந்துபோகும். யாராவது "அந்த இரண்டை ஒன்றாக்கினால் ஓடிவிடும்" என்று யோசனை சொல்வார்கள். ஓடும், ஆனால் அன்று எழுதுவதெல்லாம் ஒற்றைப் படியில் நிற்கும்.

நான்காவது சர்வர் வரும்போது ஒரு புது நன்மை கிடைக்கிறது. மூன்று இருக்கும்வரை ஒன்று போனால் அதன் படியை வேறெங்கும் கட்ட இடமில்லை; அது திரும்பி வரும்வரை இரண்டு படியோடுதான் ஓட வேண்டும். நான்கு இருந்தால், ஒன்று போய்ப் பத்து நிமிடம் ஆனதும் செஃப் தானாகவே மீதி மூன்றில் இழந்த படியைக் கட்ட ஆரம்பிக்கும். ஆனால் கிளஸ்டர் ஓடப் பெரும்பான்மை சர்வர்கள் உயிரோடு இருக்க வேண்டும்; நான்கில் பெரும்பான்மை மூன்று என்பதால் ஒரே நேரத்தில் ஒரு சர்வரைத்தான் இழக்கலாம், இதில் மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசமில்லை. ஐந்தில்தான் இரண்டை இழந்தாலும் ஓட்டு மிஞ்சும். சேர்ப்பதைச் சனிக்கிழமை மாலை வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதைச் சேர்த்தால் மொத்தத் தரவில் கால்பங்கு இடம் மாறும், ஞாயிறு முழுக்க அது பாட்டுக்கு நகரட்டும். புது சர்வரிலும் அதே நான்கு டிஸ்க், அதே அளவு. பெரிய டிஸ்காக வாங்கினால் செஃப் அதன் எடைக்கேற்ப அதிகத் தரவை அங்கே தள்ளும், வேலையும் அங்கேயே குவியும், அது ஒன்றே நெரிசலாகி எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடும். இடம் மட்டும் குறைந்தால் சர்வர் வேண்டாம். காலியாக இருக்கும் இடங்களில் சர்வருக்கு ஒரு டிஸ்க் வீதம் மூன்றையும் ஒன்றாகச் செருகுங்கள்.

டெஸ்க்டாப் வேறு, தரவு வேறு என்பதை முதல் நாளே பிரித்துவிடுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்குக் கிட்டங்கிதான் (செட்டியார்கள் வெளிநாட்டில் தொழில் நடத்திய கூடம்) கைகொடுக்கும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நம்மவர்கள் ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டகம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பகலில் அதுவே மேசை, ராத்திரி அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுக்கை. பாய் கிழிந்தால் புதுப்பாய். பெட்டகத்துக்குள் இருக்கும் பேரேடும் புரோநோட்டும் அப்படியில்லை. டெஸ்க்டாப் உங்கள் பாய். மூல டெஸ்க்டாப்பிலிருந்து இரண்டு நிமிடத்தில் இன்னொன்று விரித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் கோப்பும் டாலி டேட்டாவும் பெட்டகம். அது தனி ஃபைல் சர்வரில் இருக்கட்டும், டெஸ்க்டாப்பின் உள்ளே எதுவும் தங்கக் கூடாது. இப்படிப் பிரித்தால் விண்டோஸ் அப்டேட்டை மூலத்தில் ஒருமுறை போட்டால் போதும், 30 தடவை போட வேண்டாம். பேக்கப்பும் பெட்டகத்துக்கு மட்டும் கவனமாக எடுத்தால் போதும்.

பேக்கப் என்றதும் "மூணு படி இருக்கே" என்பார்கள். ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் மூன்று படியிலும் ஒரே நொடியில் அழியும். ரான்சம்வேர் வந்தால் மூன்றும் பூட்டப்படும். அதனால் கிளஸ்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தனிப் பெட்டி வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் சர்வர் மாறியதை மட்டும் எடுத்து, ஒரே மாதிரி இருப்பதை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும். 30 டெஸ்க்டாப் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் இடம் ரொம்பக் குறைவாகவே பிடிக்கும். உங்களுக்குக் காரைக்குடியில் கிளை இருக்கிறதல்லவா, பெட்டியை அங்கே வையுங்கள். விலைப்புள்ளியில் இருக்கும் ஹார்டு டிஸ்குகளுக்குப் பொருத்தமான இடமும் அதுதான்.

லாகின் புயலை அடக்க ஒரு எளிய வழி: டெஸ்க்டாப்களைத் தினமும் அணைக்காதீர்கள். அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காலை எட்டரையிலிருந்து மூன்று மூன்றாகத் தானே எழுந்திருக்கும்படி நேரம் குறியுங்கள். ஆன்டிவைரஸ் ஸ்கேனை எல்லாவற்றிலும் ஒரே நேரத்துக்கு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; பகல் ஒரு மணிக்கு அலுவலகமே நின்று சாப்பிடப் போகும்.

இப்போது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மாலைதான் வரும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சர்வரும் ஸ்விட்சும் சேர்ந்து 1.2 கிலோவாட் சுமாருக்கு இழுக்கும் என்று வையுங்கள். 3 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ், அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி, அதற்குள் ஜெனரேட்டர். யுபிஎஸ்ஸோடு சர்வரைப் பேசவைக்கும் மென்பொருள் இருக்கிறது, அதைப் போடாமல் விடாதீர்கள். நிறுத்தும் வரிசை முக்கியம்: முதலில் டெஸ்க்டாப்கள், அப்புறம் "யாரையும் வெளியே தள்ளாதே" என்ற கொடியை செஃபில் ஏற்றுவது, அதன் பிறகு சர்வர்கள். திரும்ப ஏற்றும்போது முதலில் ஸ்விட்ச், பிறகு மூன்று சர்வரும், மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எல்லாம் பச்சையானதும் கொடியை இறக்கிவிட்டு டெஸ்க்டாப்கள். இதை ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத அன்றுதான் இது தேவைப்படும்.

பேட்டரியை மட்டும் வெப்பத்தில் வைக்காதீர்கள். சீல் செய்த ஈய-அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதி ஆயுளை இழக்கும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள அலுவலகங்களிலேயே மாடிப்படிக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும் யுபிஎஸ்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

ஐயா வீட்டு இரண்டாம் கட்டு நல்ல இடம்தான். சுவர் தடிமன், வெயில் உள்ளே ஏற நேரமாகும். ஆனாலும் 1.2 கிலோவாட் என்பது எந்நேரமும் ஓடும் ஒரு ரூம் ஹீட்டர். கணக்குப்படி சர்வருக்கு ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கு ஏசி போதும், அறையையும் சேர்த்து ஒரு டன்னாக இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பெட்டகம் வைத்திருந்த உள்ளறையை யோசிக்காதீர்கள், காற்றுப் போக்கே கிடையாது. முற்றத்தை ஒட்டிய அறையும் வேண்டாம், மழைச் சாரலும் ஈரமும் வரும். சுண்ணாம்புச் சுவரில் துளை போடுவதை சர்வர் வருவதற்கு முன்பே முடித்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். அந்த மாவு ஃபேனுக்குள் போனால் வெளியே வராது. ரேக்கைச் சக்கரத்தோடு ஆத்தங்குடிக் கல் மேல் நேராக நிறுத்தாதீர்கள். கையால் வார்த்த சிமென்ட் கல், ஒரு முனையில் எடை விழுந்தால் விரிசல் விடும். அடியில் தடித்த பலகை போடுங்கள். கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள், பழைய வீட்டில் எலி இல்லாமல் இருக்காது.

விண்டோஸ் உரிமத்தையும் இப்போதே விசாரியுங்கள். கம்ப்யூட்டரோடு வந்த உரிமம் மெய்நிகர் டெஸ்க்டாப்புக்குச் செல்லாது. அதற்கென்று தனிச் சந்தா உண்டு, ஆள் கணக்கில் வரும். 100 பேர் ஆகும்போது சர்வர் விலையைவிட இது பெரிய எண்ணாகத் தெரியலாம்.

மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். இப்போதைய கம்ப்யூட்டர்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸோடு வரும் பெர்ஃபார்மென்ஸ் மானிட்டரில் டிஸ்க் வாசிப்பையும் எழுத்தையும் ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். ஜிஎஸ்டி கடைசித் தேதி அந்த வாரத்தில் வந்தால் ரொம்ப நல்லது. நான் சொன்ன 20 உங்கள் அலுவலகத்தில் 12 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அப்புறம், விற்பவரிடம் அந்த மாடல் எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று மட்டும் திருப்பித் தரும் பேச்சோடு வாங்கி, ஏதாவது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி எஃப்ஐஓ என்ற டிஸ்க் வேகச் சோதனையை ஓட்டுங்கள்: 4 கேபி அளவு, ஒரே வரிசை, ஒரே வேலை, ஒவ்வொரு எழுத்தும் உறுதியான பிறகே அடுத்தது, பத்து நிமிடம். ஆயிரக்கணக்கில், முடிந்தால் பதினாயிரத்துக்கு மேல், ஏற்ற இறக்கமில்லாமல் நின்றால் மீதிப் பதினொன்றை வாங்குங்கள். சில நூறில் நின்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.